சீகையை வெட்டியாகிவிட்டது, மண்ணுக்குள் இருக்கும் சீகையை என்ன செய்வது?

மேல்மலைக்காரன்

வணக்கம். கொடைக்கானல் மேல்மலையில், ஏறக்குறைய 2,000 மீட்டர் உயரத்தில், எங்கள் குடும்பத்துக்குக் கொஞ்சம் பட்டா நிலம் இருக்கிறது. தோல் பதனிடும் பட்டைக்காகத் தாத்தா வைத்த சீகை மரங்கள் (வாட்டில் என்றும் சொல்வார்கள்) தானாகப் பரவி நிலம் முழுவதையும் மூடியிருந்தன. அனுமதி வாங்கிச் சென்ற ஆண்டு வெட்டினோம். கிளைகளை அங்கங்கே குவித்து எரித்தோம். மழைக்குப் பிறகு செண்பகம், சோலை நாவல், காட்டுப்பூவரசு (ரோடோடென்ட்ரான்) என்று நாற்று வாங்கி நட்டோம்.

இப்போதைய நிலவரம்: செண்பகமும் நாவலும் அநேகமாக எல்லாம் போய்விட்டன. மார்கழிக்கு முன்பே சுணங்கி நின்றன, தை மாதத்தில் இலை கருகி முடிந்தது. காட்டுப்பூவரசு மட்டும் தாக்குப்பிடிக்கிறது. இடுப்பளவுக்கு வெள்ளைப்பூ யூபடோரியம் என்ற களை ஏறிவிட்டது. எரித்த குவியல்களின் நடுவே ஒன்றும் முளைக்கவில்லை. ஆனால் ஓரத்தைச் சுற்றி, நாற்றங்கால் போட்டதுபோல அத்தனை சீகைக் கன்று.

மண் கெட்டுவிட்டதா? கெட்டிருந்தால் எத்தனை ஆண்டு காத்திருக்க வேண்டும்? மண்ணில் எதையாவது கலந்து சரிசெய்ய முடியுமா?

கிணற்றடி

சந்தேகமே வேண்டாம், விஷம்தான். எங்கள் பக்கம் சீமைக்கருவேலம் நின்ற இடத்தில் ஒரு புல் முளைக்காது. வேரிலிருந்து நஞ்சைக் கக்கி மண்ணை மலடாக்கிவிடும். காற்றில் இருக்கும் ஈரத்தைக்கூட உறிஞ்சிவிடும் என்கிறார்கள். சீகையும் அதே குடும்பம்தானே. ஜேசிபி வைத்து அரையடி மேல்மண்ணை வழித்தெடுத்துவிட்டுப் புது மண் கொட்டுங்கள். வேறு வழியில்லை.

வேர்முடிச்சு

கிணற்றடி ஐயா, சரிவு நிலத்தில் மேல்மண்ணை வழித்தால் முதல் பெருமழையிலேயே மிச்ச மண்ணும் கீழே இருப்பவரின் உருளைக்கிழங்குத் தோட்டத்துக்குப் போய்ச் சேரும். மேல்மலைக்காரர் கேட்டது மண்ணைப் பற்றி, அதை இழப்பது எப்படி என்று கேட்கவில்லை.

நான் மண் நுண்ணுயிரியல் படித்தவள். உங்கள் மண்ணை நேரில் பார்க்காமல் தீர்ப்புச் சொல்ல முடியாது. ஆனால் நீங்கள் எழுதியதிலேயே பாதி விடை இருக்கிறது.

முதலில் எரித்த குவியல். சீகை விதையின் தோல் மிகக் கெட்டி. தண்ணீர் உள்ளே போகாது, அதனால் ஐம்பது ஆண்டுகூட மண்ணுக்குள் உயிரோடு கிடக்கும். தென்னாப்பிரிக்காவில் ஆஸ்திரேலியச் சீகை வகைகள் நின்ற மண்ணில் ஒரு சதுர மீட்டருக்கு ஆயிரக்கணக்கில் விதைகளை எண்ணியிருக்கிறார்கள். தீயின் சூடு அந்தத் தோலை விரிசல் விட வைக்கும். குவியலின் நடுவே சூடு அளவுக்கு மீறியதால் விதையும் வெந்தது, மண்ணில் இருந்த பூசணமும் வெந்தது. ஓரத்தில் விதையை எழுப்பும் அளவுக்கு மட்டும் சூடு இருந்தது. நீங்கள் நாற்றங்கால் என்று எழுதியது மிகச் சரி.

இரண்டாவது, தழைச்சத்து, அதாவது நைட்ரஜன். சீகை பயறு குடும்பம். வேர் முடிச்சில் இருக்கும் பாக்டீரியா காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடித்துக் கொடுக்கும். உழவர்கள் இதை வரமாகத்தான் நினைப்போம். ஆனால் மலைமேல் இருக்கும் சொந்தப் புற்கள் தழைச்சத்து குறைந்த மண்ணுக்கே பழகியவை. மண் கொழுத்தால் அவற்றுக்கு லாபமில்லை, அவற்றை மிதித்து ஏறும் களைக்குத்தான் லாபம். ஹவாய்த் தீவின் எரிமலைக் காட்டில் இதை அளந்தே காட்டினார்கள். 1989-இல் வெளியான ஆய்வு அது. அந்தக் காட்டுக்கு இயல்பான வழிகள் எல்லாம் சேர்த்து ஆண்டுக்கு ஹெக்டேருக்கு 5.5 கிலோ நைட்ரஜன் வந்துகொண்டிருந்தது. வெளியிலிருந்து வந்த மைரிகா ஃபயா என்ற ஒரே மர இனம், தன் பங்குக்கு மட்டும் 18 கிலோ வரை சேர்த்தது. உங்கள் நிலத்தில் சீகை நின்றது இரண்டு தலைமுறை. யூபடோரியம் ஏன் இடுப்பளவு வளர்ந்தது என்று இப்போது புரியும்.

மூன்றாவது, கூட்டாளிகள். இதை விரிவாகச் சொல்ல வேண்டும், இரவில் எழுதுகிறேன்.

கரிமூட்டம்

முதுகுளத்தூர்ப் பக்கத்திலிருந்து எழுதுகிறேன். எங்கள் ஊரில் பாதிப் பேருக்குச் சோறு போடுவது சீமைக்கருவேலம்தான், அதனால் என்னை ஒருதலைப்பட்சம் என்று நீங்கள் சொல்லலாம்.

இந்த மரத்தைப் பற்றிச் சொல்லப்படும் கதைகளில் பாதி செல்போனில் பிறந்தவை. காற்றின் ஈரத்தை உறிஞ்சுமாம், ஆடுமாடுகளை மலடாக்குமாம். ஆடு நெற்றைத் தின்னாமல் இருந்திருந்தால் மரம் இத்தனை ஊருக்குப் பரவியே இருக்காது. நெற்றையே முழுத் தீனியாக நீண்ட நாள் தின்ற மாடுகளுக்குத் தாடை நரம்பு பாதிக்கப்படுவது பிரேசிலில் பதிவாகியிருக்கிறது, அது உண்மை. அதற்கும் மலட்டுத்தனத்துக்கும் என்ன தொடர்பு?

வேர் ஆழமாகப் போகும், அதனால் நிலத்தடி நீருக்குப் போட்டி என்பதில் எனக்கு மறுப்பில்லை. மண்ணைக் கெடுக்கிறது என்ற இடத்தில்தான் நிற்கிறேன். கர்னாலில் இருக்கும் மத்திய உவர் மண் ஆராய்ச்சி நிறுவனம் இந்த மரத்தைக் களர் நிலத்தில் வைத்தே மண்ணைத் திருத்திக் காட்டியது. களர்த்தன்மை குறைந்தது, கரிமச்சத்து ஏறியது. 1877-இல் வெள்ளைக்காரன் சென்னை மாகாணத்துக்கு விதை வரவழைத்தது வறண்ட நிலத்தில் விறகு வேண்டும் என்று. வந்த வேலையை அது செய்தது. எல்லை தாண்டியதுதான் சிக்கல்.

2017-இல் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை அகற்றச் சொன்னபோது எங்கள் கண்மாயிலும் இயந்திரம் இறங்கியது. பிடுங்கியதோடு சரி. அடுத்து என்ன வளர வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை. இன்று போய்ப் பாருங்கள், அதே மரம், முன்பைவிட நெருக்கமாக.

கிணற்றடி

அப்படியானால் அடியில் ஏன் ஒன்றும் முளைப்பதில்லை? இலையை அரைத்துச் சாறெடுத்து ஊற்றினால் விதை முளைக்காது என்று பல்கலைக்கழகங்களிலேயே நிரூபித்திருக்கிறார்களே.

வேர்முடிச்சு

நிரூபித்திருக்கிறார்கள், கண்ணாடித் தட்டில். வேப்பிலையை அரைத்து ஊற்றினாலும் பல விதைகள் முளைக்காது. வேம்பை யாரும் மண்ணின் எதிரி என்று சொல்வதில்லை. காட்டு மண்ணில் அந்தச் சாறு எவ்வளவு சேர்கிறது, எத்தனை நாள் தங்குகிறது, நுண்ணுயிர்கள் அதை எவ்வளவு சீக்கிரம் தின்று தீர்க்கின்றன என்பதெல்லாம் தனித்தனிக் கேள்விகள். அடியில் நிழல் இருக்கிறது, மரம் தண்ணீரை எடுத்துக்கொள்கிறது, இலைக்குப்பை இருக்கிறது. எல்லாவற்றையும் நஞ்சின் கணக்கில் எழுதுவது எளிது.

நஞ்சுக் கதையில் அறிவியலே சறுக்கிய வரலாறு உண்டு. அமெரிக்க மேய்ச்சல் நிலங்களில் பரவிய நாப்வீட் என்ற களை, கேட்டகின் என்ற பொருளை வேரிலிருந்து வெளியிட்டுச் சொந்தச் செடிகளைக் கொல்கிறது என்று 2003-இல் 'சயின்ஸ்' இதழில் ஒரு கட்டுரை வந்தது. உலகம் முழுவதும் மேற்கோள் காட்டினார்கள். மற்றவர்கள் மண்ணில் அளந்தபோது அந்த அளவு கிடைக்கவில்லை. 2010-இல் கட்டுரை திரும்பப் பெறப்பட்டது.

வேதிப்பொருள் விளையாட்டே இல்லை என்றும் சொல்ல மாட்டேன். கார்லிக் மஸ்டர்ட் என்ற ஐரோப்பியச் செடி வட அமெரிக்கக் காடுகளுக்குள் புகுந்தது. கடுகுக் குடும்பம். கடுகுக் குடும்பத்துக்கு வேர் உட்பூசணம் தேவையில்லை. நம் வேளாண் துறையில் வேம் என்று பையில் விற்கிறார்களே, அதே இனம். மண்ணில் மணிச்சத்தை (பாஸ்பரஸை) தேடிப்பிடித்து வேருக்குக் கொண்டுவந்து கொடுத்து, பதிலுக்குச் சர்க்கரை வாங்கிக்கொள்ளும் பூசணம். கார்லிக் மஸ்டர்ட் அந்தப் பூசணத்தை ஒடுக்குகிறது. மேப்பிள் நாற்றை அது நேரடியாகத் தொடவே இல்லை, நாற்றின் கூட்டாளியைத்தான் அடித்தது. இது 2006-இல் வந்த ஆய்வு. நம் யூபடோரியத்தைப் பற்றிச் சீனாவில், 2007-இல், இதற்கு நெருக்கமான ஒன்றைக் கண்டார்கள். அது அடர்ந்து நின்ற மண்ணின் உயிர்கள், அந்த ஊர்ச் செடிகளைத் தடுத்த அளவுக்கு யூபடோரியத்தைத் தடுக்கவில்லை. தனக்கு வேண்டிய அக்கம்பக்கத்தைத் தானே அமைத்துக்கொள்கிறது.

இப்போது நான் பாக்கி வைத்த மூன்றாவது விஷயம். ஆஸ்திரேலியச் சீகை இனங்கள் போர்ச்சுகலுக்குப் போனபோது அவற்றின் முடிச்சு பாக்டீரியாவும் ஆஸ்திரேலியாவிலிருந்தே கூட வந்திருப்பதை மரபணுவை வைத்துக் கண்டறிந்தார்கள். பைன் இன்னும் தெளிவான கதை. பூமியின் தென்பாதி நாடுகளில் முதலில் நட்ட பைன்கள் பல இடங்களில் தேறவே இல்லை. அதற்குரிய பூசணத்தை மண்ணோடு கொண்டுவந்து சேர்த்த பிறகுதான் வளர்ந்தன. கொடைக்கானலில் பைன் அடியில் சிவப்புக் குடையில் வெள்ளைப் புள்ளி போட்ட காளானைப் பலர் படம் பிடித்துப் போடுகிறார்கள். அதுவும் அந்த மரத்தின் பரிவாரம்தான், இந்த மலைக்கு உரியதில்லை. மரத்தை மட்டும் கொண்டுவந்தோம் என்று நினைக்கிறோம், வந்தது ஒரு கூட்டம். வெட்டும்போது போவது மரம் மட்டும்.

புல்வெளி

இத்தனை பேர் பேசுகிறீர்கள், ஒருவர்கூட அடிப்படைக் கேள்வியைக் கேட்கவில்லை. மேல்மலைக்காரரே, உங்கள் நிலத்தில் சீகைக்கு முன்பு என்ன இருந்தது? செண்பகமா?

பழனி மலையின் உச்சிப் பகுதி பெரும்பாலும் புல்வெளி. சோலை என்பது மலை மடிப்புகளிலும் ஓடைக் கரைகளிலும் ஒதுங்கி நிற்கும் பசுமைக்காடு. 2018-இல் செயற்கைக்கோள் படங்களை வைத்துச் செய்த ஆய்வு ஒன்று, நாற்பது ஆண்டுகளில் இந்த மலையின் புல்வெளியில் மூன்றில் இரண்டு பங்கு தோப்புகளுக்கும் விவசாயத்துக்கும் போய்விட்டது என்று காட்டியது. மரம் இல்லாத இடம் என்றாலே தரிசு என்று எழுதிய வெள்ளைக்கார அதிகாரிகளின் பழக்கம் நம்மையும் விடவில்லை. மீட்டெடுக்கிறோம் என்று சொல்லிக்கொண்டு மறுபடியும் மரத்தையே நடுகிறோம்.

உங்கள் நாற்றுகள் தையில் கருகின என்றீர்கள். அது உறைபனி. மண்ணைக் குறை சொல்வதற்கு முன் வானத்தைப் பாருங்கள். நீலகிரியில் நாற்றுகளை நட்டுப் பார்த்த ஆய்வு 2020-இல் வெளியானது. திறந்த புல்வெளியில் சோலை மர நாற்றுகளை உறைபனி கொல்கிறது, புல்லும் சோலையும் அவரவர் எல்லையில் நிற்பதற்கே அதுதான் காரணம். ஆனால் சீகை நாற்றுக்கு அந்தத் தடை இல்லை. அதனால்தான் அது புல்வெளிக்குள் நடந்து போய்விட்டது. காட்டுப்பூவரசு மட்டும் ஏன் பிழைத்தது? நம் மலையில் புல்வெளியின் நடுவே தனியாக நிற்கும் மரம் அது. பனியும் தீயும் அதற்குப் பழக்கம்.

வேர்முடிச்சு

உறைபனியை நான் மறுக்கவில்லை. ஆனால் மார்கழிக்கு முன்பே சுணங்கியது என்றும் எழுதியிருக்கிறார். அதைப் பனியின் தலையில் போட முடியாது. காட்டுப்பூவரசுக்கு இன்னொரு விளக்கமும் உண்டு. செண்பகமும் நாவலும் நான் சொன்ன உட்பூசணத்தை நம்பும் மரங்கள். காட்டுப்பூவரசின் குடும்பத்துக்கு வேறு வகைப் பூசணம், புளிப்பான, சத்தில்லாத மண்ணில் அதை வாழ வைப்பதே அந்தப் பூசணம்தான். இரண்டு காரணமும் ஒரே நேரத்தில் உண்மையாக இருக்கலாம்.

மேல்மலைக்காரன்

புல்வெளி அவர்கள் கேட்டதற்காக ஊரில் விசாரித்தேன். பெரிய பாட்டி தெளிவாகச் சொன்னார். மேட்டுப் பகுதி முழுக்க மாடு மேய்த்த புல்லுக்காடு. கீழே ஓடை ஓரம் மட்டும் மரம் இருந்தது, விறகுக்கு அங்கேதான் போவார்களாம். அந்த ஓடை ஓரத்தில் இன்றும் சில பழைய நாவல் நிற்கின்றன. அங்கே சீகையை நாங்கள் இன்னும் வெட்டவில்லை. அதன் நிழலில் முழங்கால் உயரத்துக்குச் சோலைக் கன்றுகள் தானாக வந்திருக்கின்றன. நாங்கள் நட்டவை இல்லை.

வட்டப்பாறை

தம்பி, அந்த ஓடை ஓரத்தில் ஒரு மரத்தைக்கூடத் தொடாதீர்கள்.

நான் இந்த மலையில் சோலை நாற்றங்கால் வேலையில் நெடுங்காலம் இருந்தவன். சீகைக்கு அடியிலும் பைனுக்கு அடியிலும் சோலைக் கன்று வருவதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். பறவை விதையைப் போடும், மேலே இருக்கும் கூரை பனியைத் தடுக்கும், நிழல் ஈரத்தைக் காக்கும். பக்கத்தில் பழைய சோலை மரம் இருந்தால் வேரின் கூட்டாளிகளும் அங்கிருந்தே வரும். அந்நிய மரம் என்று கோபத்தில் மொத்தமாக வெட்டினால் வெயில் உள்ளே விழும். மண்ணில் தூங்கும் சீகை விதை எல்லாம் எழுந்துவிடும். பத்தாண்டில் சோலை ஆகியிருக்க வேண்டிய இடம் மறுபடி சீகைத் தோப்பாகும். சோலைக் கன்று தலைக்கு மேல் போன பிறகு, அதைச் சுற்றி இருக்கும் சீகையை மட்டும் ஒன்றிரண்டாகப் பட்டை உரித்து நிற்கும்படியே சாக விடலாம். அவசரமே வேண்டாம்.

புல்வெளி

ஓடை ஓரத்துக்கு இதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இதே வாதத்தை மேட்டுக்கும் நீட்டுகிறவர்கள் அதிகம், அங்கேதான் எனக்கு எரிச்சல். சீகை அடியில் சோலை வருகிறது, ஆகவே எல்லாச் சீகையும் நல்லது என்று சொல்லிப் புல்வெளியை நிரந்தரமாக இழக்கக் கூடாது. வரையாடு சோலைக்குள்ளா மேய்கிறது? நீலகிரித் தோடர்கள் தங்கள் கோயில் கூரைக்கு வேயும் புல் சதுப்பில் வளர்வது, அதுவும் சுருங்கிக்கொண்டே வருகிறது.

வட்டப்பாறை

மேட்டைப் பற்றி நான் வாய் திறக்கவில்லையே அம்மா. மேடு உங்களுடையது.

உண்ணிக்காடு

கூடலூரிலிருந்து. எங்கள் பிரச்சினை உண்ணிச்செடியும் மஞ்சள் கொன்றையும். உண்ணியை அடியோடு வெட்டினால் மறுபடி துளிர்க்கும், மொத்தமாகத் தோண்டினால் மண் கிளறிப் புது விதை முளைக்கும். தரைக்குக் கீழே இரண்டு விரல் ஆழத்தில் ஆணிவேரை வெட்டி, புதரைத் தலைகீழாகக் கவிழ்த்துப் போடும் முறை நன்றாக வேலை செய்கிறது. மண் அதிகம் கிளறாது. வெட்டிய உண்ணித் தண்டில் பழங்குடி மக்கள் யானைச் சிற்பம் செய்து விற்கிறார்கள். மஞ்சள் கொன்றையைக் காகித ஆலைக்கு அனுப்புகிறார்கள். 2022-இல் தமிழ்நாடு அரசு அந்நியத் தாவரங்களுக்கென்று தனிக் கொள்கையே வெளியிட்டது. அகற்றும் வேலை நடக்கிறது. ஆனால் அகற்றிய இடத்தில் அடுத்த ஐந்தாண்டு யார் களை எடுப்பது என்று கேட்டால் எல்லோரும் கைபேசியைப் பார்க்கிறார்கள்.

மேல்மலைக்காரன்

அப்படியானால் மேட்டில் புல், ஓடை ஓரத்தில் கையை வைக்காமல் இருப்பது. சரி. மேட்டு மண்ணில் இருக்கும் அதிகத் தழைச்சத்தை எப்படிக் குறைப்பது? ஒருவர் மரத்தூள் போடச் சொன்னார். சோலையிலிருந்து மண் எடுத்துவந்து கலக்கலாமா?

வேர்முடிச்சு

மரத்தூள், சர்க்கரை இரண்டையும் பல நாடுகளில் சோதித்திருக்கிறார்கள். கரிமம் நிறைய, நைட்ரஜன் குறைவு. அதைத் தின்னும் நுண்ணுயிர்கள் பெருகி, மண்ணில் இருக்கும் தழைச்சத்தைத் தங்கள் உடம்புக்குள் இழுத்துக்கொள்ளும். களைக்குக் கிடைக்காது. முடிவுகள் கலவையானவை. நுண்ணுயிர்கள் செத்ததும் தழைச்சத்து திரும்ப மண்ணுக்கே வரும், அதனால் தொடர்ந்து போட வேண்டும். ஒரு மூலையில் போட்டுப் பாருங்கள், முழு நிலத்துக்கும் செலவு செய்யாதீர்கள். செலவில்லாத வழி, யூபடோரியத்தைப் பூப்பதற்கு முன் அறுத்து நிலத்துக்கு வெளியே கொண்டுபோவது. செடி எடுத்த தழைச்சத்தும் அதோடு வெளியே போகும். அங்கேயே மூடாக்காகப் போட்டால் எடுத்ததைத் திருப்பிக் கொடுத்ததாகிவிடும். விவசாயத்தில் நாம் சொல்வதற்கு நேர் எதிர், தெரிகிறது.

மண் மாற்றுவது பற்றி. நெதர்லாந்தில் பழைய விளைநிலங்களில் செய்து பார்த்து 2016-இல் எழுதினார்கள். புல்வெளி மண்ணை மெல்லிய படலமாகத் தூவிய இடம் புல்வெளியை நோக்கியும், புதர்நில மண்ணைத் தூவிய இடம் புதர்நிலத்தை நோக்கியும் நகர்ந்தன. மேல்மண்ணை எடுத்துவிட்டுத் தூவிய இடத்தில் விளைவு இன்னும் வலுவாக இருந்தது. கிணற்றடி ஐயா இதைப் பிடித்துக்கொள்வார் என்று தெரியும். அது தட்டையான நாடு ஐயா, இது மலை.

ஆகவே மேட்டுக்குச் சோலை மண் பயன்படாது, புல்வெளி மண்தான் வேண்டும். அதுவும் உங்கள் பட்டாவுக்குள்ளேயே சீகை ஏறாத திட்டு இருந்தால் அங்கிருந்து. காப்புக்காட்டு மண்ணைத் தொடுவது சட்டப்படி குற்றம், நோய்க்கிருமியும் கூட வரும். புல் தூரை மண்ணோடு பெயர்த்து நட்டால் பூசணமும் வேரோடு சேர்ந்தே வந்துவிடும், தனியாக மண் சுமக்க வேண்டியதில்லை.

கிணற்றடி

பிடித்துக்கொள்ளவில்லை. ஆனால் நாடு தட்டையாக இருந்தால் என் யோசனை சரி என்று பதிவாகட்டும்.

கரிமூட்டம்

பதிவாகிவிட்டது ஐயா. கண்மாய் தட்டைதான், ஒருமுறை வந்து வழித்துக் காட்டுங்கள், டீ நான் வாங்கித் தருகிறேன்.

மேல்மலைக்காரன்

நிலத்தின் வட மூலையில் பாறையை ஒட்டிச் சீகை ஏறாத புல் திட்டு ஒன்று இருக்கிறது. அங்கிருந்து தூர் எடுக்கிறேன். எப்போது நடுவது, சீகைக் கன்றுகளை எப்போது பிடுங்குவது? எரித்த இடத்தின் நடுப்பகுதியை என்ன செய்வது?

புல்வெளி

ஆனி, ஆடி மழையில் நடுங்கள். பனிக்கு முன் வேர் பிடித்துவிடும். திட்டில் ஒரே இடத்தில் மொத்தமாகப் பெயர்க்காமல், கொத்துக்கு ஒரு பங்கு மட்டும் பிரித்தெடுங்கள், தாய்த் தூர் மறுபடி நிரம்பும். ஒரே வகைப் புல்லை எடுக்காதீர்கள். எத்தனை வகை கண்ணில் படுகிறதோ அத்தனையும், இடையில் இருக்கும் சிறு பூச்செடிகளோடு. கிக்குயு புல் கலந்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள், தரையோடு ஓடி முடிச்சுக்கு முடிச்சு வேர்விடும், பிறகு அதற்கு ஒரு தனி இழை தொடங்க வேண்டியிருக்கும்.

வட்டப்பாறை

சீகைக் கன்றை மழை விட்ட மறுநாள் பிடுங்குங்கள் தம்பி. மண் நெகிழ்ந்திருக்கும்போது ஆணிவேரோடு வரும். முழங்கால் உயரம் தாண்டவிட்டால் கை போதாது, கம்பி வேண்டியிருக்கும். ஓராண்டில் தீராது. ஒவ்வொரு மழைக்கும் புதிதாக முளைக்கும், விதை இருப்பு குறையக் குறைய முளைப்பும் குறையும். இனி எதையும் நிலத்துக்குள் எரிக்க வேண்டாம், மிச்சக் கட்டையை விறகுக்குக் கொடுத்துவிடுங்கள். எரித்த வட்டத்தின் நடுவில் முதல் ஆண்டு ஒன்றும் நடாதீர்கள். ஓரத்துச் சீகையைப் பிடுங்கிவிட்டு, அங்கே தூரை நெருக்கமாக வைத்தால் வேரும் பூசணமும் ஓரத்திலிருந்து உள்ளே நகரும்.

ஊரில் மாடு இருந்தால் ஒன்று கேட்க வேண்டும். நட்ட முதல் இரண்டு ஆண்டு மேட்டில் மாடு விடாமல் வேலி போட முடியுமா?

மேல்மலைக்காரன்

பெரிய பாட்டியின் மாடுகள்தான் அங்கே வருபவை. அவரிடம் நான் பேசிக்கொள்கிறேன். வேலியைவிட அது கடினம்.